நிரம்பாத பஞ்சும் நின்றுபோன அச்சுப்பொறியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உத்தரவாதக் காலம் முடிந்த வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுதுபார்ப்பதில் நுகர்வோர் படும் சிரமங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகளும் கடிதங்களும் வெளிவருகின்றன. அவற்றில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் கைப்பேசியும் இடம்பெறும் அளவுக்குப் புகைப்பட அச்சுப்பொறி இடம்பெறுவதில்லை. வீட்டிலிருந்தபடியே கடவுச்சீட்டு அளவுப் படங்களையும் விழாப் படங்களையும் அச்சிட்டுக் கொடுத்துப் பிழைப்பவர்கள் இன்று சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு தீர்ந்துவிட்டது என்று சொல்லி இயந்திரத்தைப் பூட்டிவிடும், அவர்களில் பலர் என்றாவது ஒருநாள் சந்திக்கக்கூடிய ஒரு பிழைச் செய்தியைப் பற்றி, என் சொந்த அனுபவத்தை முன்வைத்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் விருதுநகரில் 1983 முதல் 2015 வரை ஸ்டுடியோ நடத்தியவன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் அடியில் நின்று புரோமைடு தாளை டெவலப்பரில் ஆட்டி, ஹைப்போவில் போட்டு, கழுவி, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட காலத்திலிருந்து, கணினியில் படத்தைத் திருத்தி அச்சிடும் காலம் வரை இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். என்னிடம் இருந்த, படத்தைப் பெரிதாக்கி அச்சிட உதவும் என்லார்ஜர், எனக்கு முன்பே இன்னொருவரிடம் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்தது. பல்பு போனால் பல்பு மாற்றினேன். அதன் மடிப்புத் துருத்தியான பெல்லோஸ் கிழிந்தபோது கறுப்புத் துணி ஒட்டினேன். திருகு தேய்ந்தபோது லேத் பட்டறையில் கடைந்து வாங்கிப் போட்டேன். தன் ஆயுள் முடிந்துவிட்டது என்று அது ஒருநாளும் தானாக அறிவித்ததில்லை.

கடையை மூடிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு வண்ண மைத்தொட்டிகள் கொண்ட புகைப்பட அச்சுப்பொறி ஒன்றை வீட்டுக்கு வாங்கினேன். கறுப்பு, சயான், மெஜெந்தா, மஞ்சள் ஆகிய நான்கோடு வெளிர் சயானும் வெளிர் மெஜெந்தாவும் சேர்ந்தவை இந்த ஆறு. முகத்தின் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இழைந்து வர வேண்டுமானால் கடைசி இரண்டும் இருப்பது நல்லது. உத்தரவாதம் ஓராண்டு, அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பக்கங்கள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அது முடிந்த பிறகும் எனக்கு இலவசமாகச் செய்து தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் ஏற்பாடு இத்தொழிலில் ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை.

சென்ற ஆண்டு மே மாதம், கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கியிருந்த நேரம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் படம் எடுத்து, நான்குக்கு ஆறு அங்குலத் தாள் ஒன்றில் எட்டுப் படங்களாக அடுக்கி அச்சிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தாள்கள் குறையில்லாமல் வந்தன. மூன்றாவது தாளை இழுக்கும் முன் இயந்திரம் நின்றது. இரண்டு விளக்குகள் மாறி மாறி மின்னின. கணினித் திரையில், மை உறிஞ்சும் பஞ்சின் பயன்பாட்டுக் காலம் முடிவடைந்துவிட்டது, சேவை மையத்தை அணுகவும் என்ற பொருளில் ஓர் ஆங்கில அறிவிப்பு வந்தது. தாள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஆறு தொட்டிகளிலும் பாதிக்கு மேல் மை இருந்தது. அணைத்துப் போட்டேன். மீண்டும் அதே விளக்குகள், அதே அறிவிப்பு. ஒரு நிமிடத்துக்கு முன் மாசு மறுவில்லாத படத்தை வெளியே தள்ளிய இயந்திரம், அடுத்த நிமிடம் ஒரு பொத்தானுக்கும் கட்டுப்படவில்லை.

சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய இளைஞர் மரியாதையாகவே பேசினார். உத்தரவாதம் முடிந்துவிட்டதால் கட்டணம் உண்டு என்றும், இயந்திரத்தை மதுரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், பஞ்சு மாற்றுவதற்கும் கூலிக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகும் என்றும் சொன்னார். பிறகு, “பழைய மாடல் சார், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்றார். எந்தப் பாகம் பழுதாகியிருக்கிறது என்று கேட்டேன். பிழை எண்ணைத் திரும்பச் சொன்னார். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டதற்கு, சர்வீஸ் செய்ய வேண்டும் என்பதுதான் பொருள் என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளில் அவ்வளவுதான் எழுதியிருக்கும்.

பொருள் என்ன என்பதை நானே தேடித் தெரிந்துகொண்டேன். வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் அதைச் சொல்கிறேன். இவ்வகை அச்சுப்பொறியின் தலையில் மை தெளிக்கும் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. அவற்றில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக, இயந்திரம் அவ்வப்போது ஒரு சிறு பம்பினால் துளைகள் வழியாக மையை உறிஞ்சி வெளியேற்றுகிறது. நாம் ‘ஹெட் கிளீனிங்’ என்று கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. நாம் கொடுக்காமலும், இயந்திரத்தை இயக்கும்போதும் நெடுநேரம் சும்மா இருந்தபின்னும் அது தானாகவே செய்துகொள்கிறது. இப்படி வெளியேறும் மை ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பெட்டியின் அடியில் அடுக்கப்பட்டிருக்கும் கம்பளி போன்ற பஞ்சுகளில் போய் இறங்குகிறது. புகைப்படத் தொழிலில் மை இப்படிக் கழிவாகச் சேர இன்னொரு வழியும் உண்டு. ஓரத்தில் வெள்ளை விடாமல் படம் முழுத்தாளையும் நிரப்ப வேண்டுமென்றால், தாளின் விளிம்பைத் தாண்டியும் சிறிது மை தெளிக்கப்பட்டாக வேண்டும்; தாளில் விழாத அந்த மை, தாள் செல்லும் பாதைக்கு அடியில் இருக்கும் பஞ்சில் விழுகிறது. ஓரமில்லாப் படம்தான் எல்லோருக்கும் பிடிக்கும் என்பதால், படம் அச்சிடுபவர்களின் இயந்திரத்தில் கடிதம் அச்சிடுபவர்களின் இயந்திரத்தைவிடக் கழிவு மை கூடுதலாகச் சேருகிறது.

பஞ்சு என்றால் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும், அதில் குற்றமில்லை. நிரம்பிய பிறகும் அச்சிட்டுக்கொண்டே போனால் மை கசிந்து மேசையைக் கெடுக்கும், மின்சாரப் பலகையைத் தொட்டால் இயந்திரத்தையும் கெடுக்கும். ஆகவே நிறுவனம் ஓர் எல்லை வைப்பது நியாயமே. ஆனால் பஞ்சு நிரம்பிவிட்டதா என்று பார்க்கும் உணரி எதுவும் என் அச்சுப்பொறியில் இல்லை. ஒவ்வொரு சுத்திகரிப்புக்கும் இவ்வளவு மை என்று ஒரு கணக்கு வைத்து, அதை உள்ளே உள்ள நினைவகச் சில்லில் கூட்டிக்கொண்டே போய், கூட்டல் குறிப்பிட்ட எண்ணை எட்டியதும் இயந்திரம் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. மையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதும், எங்கள் ஊர் வெயிலில் அந்தத் தண்ணீர் நிற்காது என்பதும் அந்தக் கணக்குக்குத் தெரியாது. அடியில் பஞ்சு எந்த நிலையில் இருந்தாலும், எண் வந்துவிட்டால் நாள் வந்துவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, திறந்து பார்க்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. இயந்திரத்தைப் பொத்தானால் அணைத்து, தலை தன் இருப்பிடத்துக்குத் திரும்பியதை உறுதிசெய்துகொண்டு, மின்கம்பியைப் பிடுங்கினேன். மேசையில் தங்கள் நாளிதழின் ஞாயிறு இதழை நான்கு மடிப்பாக விரித்தேன். அதற்காகத் தாங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். என் மாடலில் பஞ்சு இருக்கும் அறைக்குத் தனி மூடி இருந்தது. திருகைக் கழற்றி, குழாயை மெல்லப் பிரித்து, கையுறை போட்டுக்கொண்டு இடுக்கியால் பஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எந்தப் பஞ்சு எதன் மேல் எந்தப் பக்கமாக இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே எடுத்தேன். பின்னால் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் திண்டாடியிருப்பேன். குழாய் வந்து விழும் இடத்தில் இருந்த பஞ்சு, கருவேப்பிலைத் துவையல்போலக் கறுத்து, பிசுபிசுத்து, கையில் கனத்தது. அதற்கு அடுத்தது விளிம்பில் மட்டும் நனைந்திருந்தது. மூன்றாவது பஞ்சை எடுத்தபோது சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஊதாக் கறை. மற்ற இடமெல்லாம் வாங்கிய அன்றைக்கு இருந்த வெள்ளை.

முழுக் கொள்ளளவும் தீர்ந்துவிட்டதாக இயந்திரம் அறிவித்திருந்த பஞ்சின் நிலை இது. எல்லா இயந்திரத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்ல முடியாது. அதிகமாக அச்சிடும் ஒருவரின் பெட்டியில் மூன்றும் ஊறிப்போயிருக்கலாம். என் பெட்டியில் இருந்ததைத்தான் சொல்கிறேன்.

பழைய பஞ்சைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடியும் போடுபவர்கள் உண்டு. நானும் அதை நினைத்தேன். ஒரு வாளி தண்ணீரில் சிறு துண்டு ஒன்றை நனைத்துப் பார்த்ததில், பத்து முறை மாற்றியும் தண்ணீர் தெளியவில்லை. அவ்வளவு சாயத்தையும் கால்வாயில் ஊற்றவும் மனம் ஒப்பவில்லை. இணையத்தில் என் மாடலுக்கென்று வெட்டிய புதுப் பஞ்சுத் தொகுதி ஒன்று 380 ரூபாய்க்குக் கிடைத்தது. அது நிறுவனம் விற்பது அல்ல. யாரோ ஒருவர் அளவெடுத்து வெட்டி விற்பது. நிறுவனத்தின் உதிரிப்பாகப் பட்டியலில் அந்தப் பஞ்சைப் பொதுமக்கள் வாங்கும் இடத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய பஞ்சுகளைப் பழைய தாளில் பரப்பிக் காயவிட்டு, நெகிழிப் பையில் கட்டி வைத்தேன்.

பஞ்சை மாற்றியது அரைமணி நேர வேலை. உண்மையான தடை அதற்குப் பிறகுதான் வந்தது. புதுப் பஞ்சைப் போட்டு மூடி இயக்கினால், அதே இரண்டு விளக்குகள் மின்னின. இயந்திரத்துக்குப் பஞ்சு மாறியது தெரியாது; அதற்குத் தெரிந்தது எண் ஒன்றுதான். அந்த எண்ணை அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் நிறுவனத்தின் மென்பொருள் சேவை மையத்தாரிடம் மட்டும் இருக்கிறது. சொந்தக் காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தில், சொந்தக் கையால் பஞ்சை மாற்றிய பிறகும், ஓர் எண்ணை அழிப்பதற்காக அதைத் துணியில் சுற்றிப் பேருந்தில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இந்த இடைவெளியில்தான் ஒரு பெருஞ்சந்தை முளைத்திருக்கிறது. ‘ரீசெட்டர்’ என்ற பெயரில் இணையம் முழுவதும் மென்பொருள்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பல, சேவை மையத்திலிருந்து கசிந்தவை அல்லது கசிந்ததாகச் சொல்லப்படுபவை. பதிவிறக்கும் முன் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிடுங்கள் என்று அவற்றோடு வரும் குறிப்பே சொல்கிறது. வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியில் இதைச் செய்பவர் எதை இழக்க நேரிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான், இணைய வங்கியோ மின்னஞ்சலோ எதுவும் இல்லாத ஒரு பழைய மடிக்கணினியைத் துடைத்து எடுத்து, பலரும் பயன்படுத்திச் சொன்ன ஒரு மென்பொருளை அதில் மட்டும் நிறுவினேன். அது கணக்கை இலவசமாகப் படித்துக் காட்டியது. என் இயந்திரத்தில் இரண்டு கணக்குகள் இருந்தன. முதன்மைப் பஞ்சின் கணக்கு 100 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. ஓரமில்லா அச்சுக்கான பஞ்சின் கணக்கு 31-இல் நின்றது. அழிப்பதற்கு ஒருமுறை மட்டும் செல்லும் சாவி எண் ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. சில நூறு ரூபாய் ஆயிற்று. எண்ணைத் தட்டியதும் 100 என்பது 0 ஆயிற்று. அணைத்து இயக்கினேன். மின்னிக்கொண்டிருந்த இரண்டு விளக்குகளும் அடங்கி, பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. துளைச் சோதனை அச்சில் ஆறு வண்ணங்களிலும் ஒரு கோடுகூட விடுபடவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் மூன்றாவது தாள் பதினொரு நாள்கள் கழித்து வெளியே வந்தது. அதற்குள் அவள் வேறிடத்தில் படம் எடுத்து விண்ணப்பித்துவிட்டாள் என்பது வேறு.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் உடனே எண்ணை அழிக்கக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் கணினிக் கடைகள் சிலவற்றில் ஐந்நூறு ரூபாய்க்கு “ரீசெட் அடிச்சுத் தர்றோம்” என்கிறார்கள். அதில் எண் மட்டும்தான் அழிகிறது. பஞ்சை யாரும் தொடுவதில்லை. என் நண்பர் ஒருவர், திருமணப் படத்தொகுப்புகள் செய்பவர், இப்படி மூன்று முறை எண்ணை மட்டும் அழித்து ஓட்டினார். நான்காவது ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் கடையைத் திறந்தபோது, மேசையின் மேல் பரவி, இழுப்பறைக்குள் சொட்டி, அதில் அடுக்கியிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் திருமணப் படங்கள் நாற்பதையும் ஊதாவில் குளிப்பாட்டியிருந்தது மை. மை அடியிலிருந்த மின்சாரப் பகுதிக்கும் இறங்கியிருந்ததால் இயந்திரமும் திரும்ப எழவில்லை. எண்ணை அழிப்பதும் பஞ்சை மாற்றுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள். கடையில் கொடுத்துச் செய்பவர்கள், கழற்றிய பழைய பஞ்சைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுப்பது நல்லது. உத்தரவாதம் இன்னும் முடியாதவர்கள் திருகாணியைத் தொடவே வேண்டாம். சேவை மையத்துக்கே போகட்டும்.

கழிவு மை குறைவாகச் சேர்ந்தால் இந்த நாள் தள்ளிப்போகும். அதற்கு நம் ஊரில் தடையாக இருப்பது மின்வெட்டு. அச்சுப்பொறியைச் சுவர் சுவிட்சில் அணைத்தாலோ, அச்சிடும்போது மின்சாரம் போனாலோ, தலை தன் மூடிக்குள் திரும்பாமல் பாதி வழியில் நின்றுவிடும், மை உலரும், மின்சாரம் வந்ததும் இயந்திரம் பதறிப்போய் ஒரு சுத்திகரிப்பு செய்யும். ஒரு நாளில் நான்கு முறை மின்சாரம் போய் வந்தால், ஒரு படமும் அச்சிடாமலே பஞ்சின் கணக்கு ஏறும். அணைப்பதை எப்போதும் இயந்திரத்தின் பொத்தானாலேயே அணைக்க வேண்டும். வாரம் ஒருமுறை எல்லா வண்ணங்களும் இருக்கும் ஒரு சிறு படத்தை அச்சிட்டால் துளைகள் அடைத்துக்கொள்வது குறையும். படத்தில் கோடு விழுந்தவுடன் ஐந்தாறு முறை தொடர்ந்து ஹெட் கிளீனிங் கொடுப்பது பலருடைய வழக்கம். இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால், பல நேரங்களில் ஊறி இளகி மை தானாகவே வழிவிடுகிறது. இவற்றையெல்லாம் கையேட்டில் ஏதோ ஒரு மூலையில் எழுதியிருக்கிறார்கள்தான். அப்படிச் செய்யாவிட்டால் இயந்திரம் ஒருநாள் பூட்டிக்கொள்ளும் என்பதை மட்டும், வாங்கும்போது கடைக்காரரும் சொல்லவில்லை, பெட்டியின் மேலும் எழுதியிருக்கவில்லை.

என் குறை அதுதான். பஞ்சு செலவாகும் பொருள். மைபோலவே அதுவும் தீரும். மை தீர்ந்தால் அதே நிறுவனம் 70 மில்லிலிட்டர் புட்டியில் அடைத்து எல்லாக் கடைகளிலும் விற்கிறது; ஊற்றுவது எப்படி என்று படம் போட்டுக் காட்டுகிறது; ஊற்றியதும் அளவைச் சரிசெய்துகொள்ளத் திரையில் வழிகாட்டுகிறது. பஞ்சு தீர்ந்தால் மட்டும் அது பிழையாகிவிடுகிறது, இயந்திரத்தின் ஆயுள் முடிவாகிவிடுகிறது, புதிது வாங்குவதற்கான காரணமாகிவிடுகிறது. நிறுவனங்களால் இதை வேறு விதமாகச் செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. அண்மையில் வரும் மாடல்கள் பலவற்றில் இந்தப் பஞ்சை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, பயனரே கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள். பெட்டியைக் கடையில் வாங்கி மாட்டினால் கணக்கு தானாகவே புதிதாகத் தொடங்கிவிடுகிறது. ஒரு பெரிய நிறுவனம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ஒரு தடவை மட்டும் எண்ணை அழித்துக்கொள்ளும் மென்பொருளைத் தன் தளத்திலேயே இலவசமாக வழங்கியிருக்கிறது. ஆகவே தொழில்நுட்பமும் இருக்கிறது, வழக்கமும் இருக்கிறது. முன்பே வாங்கிவிட்ட நமக்கு அது வந்து சேரவில்லை.

நம் நாட்டில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றைப் பற்றித் தெரிவிக்கப்படுவதை நுகர்வோரின் உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஒரு பாகம் இத்தனை பயன்பாட்டுக்குப் பிறகு எண்ணிக்கையால் பூட்டப்படும் என்பது, வாங்குபவர் அறிய வேண்டிய தரத்தைச் சேர்ந்ததில்லையா? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான வரைவை உருவாக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசியும் டேப்லெட்டும், நீடித்துழைக்கும் நுகர்பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது முதலில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் நாளன்று, அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆயினும் அது நிறுவனங்கள் தாமாக விவரம் தரும் தளமே. தராதவரைக் கேட்கும் சட்டம் அன்று.

வெளிநாடுகளிலும் அச்சுப்பொறி பழுதுபார்ப்புச் சட்டங்களின் வலையில் எளிதாகச் சிக்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூன் 13-ஆம் தேதி நிறைவேற்றிய பழுதுபார்ப்பு ஆணை, ஒப்பந்த விதிகளாலோ மென்பொருளாலோ பழுதுபார்ப்பைத் தடுக்கும் செயலுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது; ஆனால் அது பொருந்தும் பொருள்களின் பட்டியலில் சலவை இயந்திரமும் குளிர்பெட்டியும் கைப்பேசியும் இருக்க, அச்சுப்பொறி இல்லை. பிரான்சில், பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதை 2015-இலேயே குற்றமாக்கியிருந்தார்கள். 2017 செப்டம்பரில் அங்குள்ள ஒரு நுகர்வோர் அமைப்பு அச்சுப்பொறி நிறுவனங்கள் மீது அந்தச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தபோது, அதில் எழுப்பப்பட்ட குறைகளுள் ஒன்று நான் மேலே சொன்ன இதே பஞ்சு: ஆயுள் முடியாத பஞ்சை முடிந்ததாக இயந்திரம் அறிவிக்கிறது என்பது. விருதுநகரில் என் மேசையில் நான் பார்த்த வெள்ளைப் பஞ்சை, பாரிஸிலும் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. கழிவு மைப் பஞ்சு இருக்கிறது என்பதையும், அது கணக்கால் பூட்டப்படும் என்பதையும், மாற்றுவதற்கு ஆகும் செலவையும் விற்பனைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். மைப்புட்டி விற்கும் கடையில் பஞ்சும் கிடைக்க வேண்டும். உத்தரவாதம் முடிந்த இயந்திரத்தின் உரிமையாளர், பஞ்சை மாற்றிவிட்டேன் என்று உறுதி கூறினால், எண்ணை அழிக்கும் மென்பொருளை நிறுவனமே தன் தளத்தில், வேண்டுமானால் ஒரு சிறு கட்டணத்துக்கு, வழங்க வேண்டும். அப்படி வழங்கினால் திருட்டு மென்பொருள் சந்தை தானாகவே வற்றும். எண்ணை மட்டும் அழித்து மையைக் கசியவிடுவதும் குறையும். திரையில் வரும் அறிவிப்பும் மாற வேண்டும். ‘பயன்பாட்டுக் காலம் முடிந்தது’ என்று படித்தவுடன் இயந்திரமே முடிந்தது என்று எண்ணிக் குப்பைக்குக் கொடுத்தவர்களை நான் அறிவேன். நல்ல நிலையில் உள்ள தலையும் மோட்டாரும் மின்சுற்றும், 380 ரூபாய்ப் பஞ்சுக்காக மின்னணுக் கழிவாகிப் போகின்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நீடித்துழைக்கும் பொருள்களைப் பற்றிப் பேசும்போது அச்சுப்பொறியையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதே நிலையில் இருக்கும் வாசகர்கள், இயந்திரத்தைக் கைவிடும் முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஒரு புகாரையாவது பதிவு செய்யலாம். எண்ணிக்கையில் புகார்கள் கூடினால்தான் இப்படி ஒரு பஞ்சு இருப்பதே அங்கே தெரியவரும்.

என் அச்சுப்பொறி இந்தக் கடிதம் எழுதும் நாள்வரை ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று அந்தப் பழைய மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். முதன்மைப் பஞ்சின் கணக்கு 14 விழுக்காடு காட்டியது. மாடல் பழையதாகிக்கொண்டே போவதால், பஞ்சை வெட்டி விற்பவரும் ஒருநாள் நிறுத்திவிடுவார் என்று தோன்றி, இன்னொரு தொகுதியை இப்போதே வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஊதாக் கறை படிந்த அந்த மூன்றாவது பஞ்சும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. பார்க்க விரும்பும் சேவை மையத்தார் யாராயினும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்,
விருதுநகர்.